மூன்று திரைக்கு ஒரு ஸ்கிரிப்ட்

மவுஸின் சக்கரத்தை ஒரே ஒரு படி உருட்டினால் நிரலுக்கு என்ன தகவல் போகிறது? விண்டோஸில் 120 என்ற எண் போகும். மேக்கில் 1 போகும். லினக்ஸில் பல காலம் கோலோச்சிய எக்ஸ் விண்டோ முறையில் எண்ணே கிடையாது. மவுஸின் நான்காவது பட்டனையோ ஐந்தாவது பட்டனையோ யாரோ அழுத்தியதாகச் செய்தி போகும், கையிலிருக்கும் மவுஸில் அப்படி ஒரு பட்டனே இல்லாவிட்டாலும். டிகே என்ற டூல்கிட்டில் நிரல் எழுதியவர்கள் ஒரு பட்டியலை மேலும் கீழும் நகர்த்துவதற்கே இந்த மூன்று வழக்கங்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய ஒரு நிரல் மூன்று இயங்குதளங்களிலும் ஓடுவது 1996லேயே சாத்தியமாகிவிட்டது. அது அந்தந்த இயங்குதளத்துப் பிள்ளையைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்ற கதைதான் இன்றுவரை நீள்கிறது.

கதையின் தொடக்கம் கலிஃபோர்னியாவில், சிப் வடிவமைக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அவரது மாணவர்களும் 1980களின் தொடக்கத்தில் மேஜிக் முதலிய சிப் வடிவமைப்புக் கருவிகளை எழுதினார்கள். ஒவ்வொரு கருவிக்கும் பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகளுக்காக ஒரு குட்டி மொழி தேவைப்பட்டது. மாணவர்களுக்கு ஆர்வமெல்லாம் கருவியின் மீது. மொழியை ஏனோதானோ என்று முடித்துவிடுவார்கள். அடுத்த கருவிக்கு வேறொரு அரைகுறை மொழி பிறக்கும். 1987இன் பிற்பகுதியில், டிஜிட்டல் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பல்கலைக்கழக விடுப்பைக் கழித்தபோது ஆஸ்டர்ஹவுட்டுக்கு ஒரு யோசனை வந்தது. மொழியை ஒரே ஒரு முறை ஒழுங்காக எழுதி, எந்த நிரலுக்குள்ளும் செருகிக்கொள்ளக்கூடிய நூலகமாக வைத்துவிட்டால் என்ன? 1988இல் வேலை தொடங்கியது. டிசிஎல் என்று பெயர், வழக்கில் ‘டிக்கிள்’.

அதே 1987 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டை வெளியிட்டிருந்தது. பில் அட்கின்சன் உருவாக்கிய அந்த மென்பொருளில் பள்ளி ஆசிரியர்கூடத் திரையில் ஒரு பட்டனை வைத்து, அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சில வரிகளில் எழுதிவிடலாம். ஆஸ்டர்ஹவுட் அதைப் பார்த்து வியந்தார், கூடவே கவலையும்பட்டார். இப்படிப்பட்ட திரை வேலைகளுக்குப் பெரிய நிறுவனங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கும். நாலைந்து பேர் உள்ள பல்கலைக்கழகக் குழு அதற்கு ஈடுகொடுக்க முடியாது. சிறு சிறு உறுப்புகளைச் செய்து வைத்துக்கொண்டு, அவற்றை ஸ்கிரிப்டால் ஒட்டி எடுப்பது ஒன்றே வழி என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1988இன் இறுதியில் டிகே தொடங்கியது. பட்டன், மெனு, ஸ்க்ரோல்பார், உரைப்பெட்டி ஆகிய உறுப்புகளை டிக்கிள் கட்டளைகளால் உண்டாக்கும் தொகுப்பு அது. உருப்படியாக நிற்க இரண்டு ஆண்டுகள் ஆயின. டிக்கிள் பற்றிய கட்டுரை 1990 யூஸ்நிக்ஸ் மாநாட்டிலும், டிகே பற்றிய கட்டுரை 1991 மாநாட்டிலும் வந்தன.

அன்றைய யூனிக்ஸ் உலகில் மோட்டிஃப் என்ற டூல்கிட்டை சி மொழியில் பயன்படுத்தித் திரையில் ஒரு பட்டன் காட்டுவதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எழுதியதைக் கம்பைல் செய்ய வேண்டும். பட்டன் செய்யும் வேலையை மாற்ற நினைத்தால் மறுபடியும் கம்பைல். டிகேயில் பட்டனை உண்டாக்க ஒரு வரி, திரையில் பொருத்த ஒரு வரி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றலாம். பொறியாளர்கள் அதை அள்ளிக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தக் கட்டத்தில் ‘இயங்குதளத்தோடு ஒட்டவில்லை’ என்ற புகார் எழவே வழியில்லை. எக்ஸ் விண்டோ முறைக்குத் திரையில் கோடும் எழுத்தும் வரையத்தான் தெரிந்தது. பட்டன் எப்படி இருக்க வேண்டும் என்று அது எதையும் விதிக்கவில்லை. டிகே தன் உறுப்புகளைத் தானே வரைந்துகொண்டது. மோட்டிஃபின் சாயலை மட்டும் இரவல் வாங்கியது. நிரல்களுக்கு இடையேயான உறவையும் தானே அமைத்துக்கொண்டது. ‘செண்ட்’ என்று ஒரு கட்டளை: ஒரே திரையில் ஓடும் டிகே நிரல்களில் ஒன்று இன்னொன்றுக்கு முழு ஸ்கிரிப்டையே அனுப்பி ஓடவைக்கலாம். பிழை தேடும் நிரல், எடிட்டரிடம் “அந்தக் கோப்பில் அந்த வரியைக் காட்டு” என்று சொல்லிவிடும். அருமையான வசதிதான். ஆனால் அந்தத் திரையை அணுக முடிந்த எவரும் கோப்புகளையெல்லாம் அழிக்கச் சொல்லியும் ஸ்கிரிப்ட் அனுப்பலாமே! திரைக்கு முறையான அனுமதிக் காவல் இல்லாவிட்டால் செண்ட் இயங்காது என்று பின்னால் பூட்டுப் போட நேர்ந்தது.

1994இல் ஆஸ்டர்ஹவுட் சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்கு மாறினார். அங்கே ஸ்காட் ஸ்டாண்டனும் ரே ஜான்சனும் டிகேயை விண்டோஸுக்கும் மேக்கின்டாஷுக்கும் கொண்டுசேர்க்கும் வேலையில் முன்னின்றார்கள். 1996இல் டிக்கிள் 7.5, டிகே 4.1 என்று வெளிவந்த அந்தப் பதிப்பில் எடுத்த ஒரு தொழில்நுட்ப முடிவு, இந்தக் கதையின் மீதிப் பாதி முழுவதையும் தீர்மானித்தது என்று சொல்லலாம். டிகேயின் உள்ளே எங்கு பார்த்தாலும் எக்ஸ் விண்டோவின் கட்டளைகள். எல்லாவற்றையும் அகற்றி மாற்றி எழுத ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே விண்டோஸிலும் மேக்கிலும் எக்ஸ் விண்டோ இருப்பதுபோல் பாவனை செய்யும் ஓர் அடுக்கை எழுதினார்கள். டிகே “கோடு போடு” என்று எக்ஸிடம் சொல்வதாக நினைத்துச் சொல்லும். அடியிலுள்ள அடுக்கு அதை விண்டோஸ் கட்டளையாகவோ மேக் கட்டளையாகவோ மாற்றிக் கொடுக்கும். டிகேயின் மூலநிரலைத் திறந்தால் ‘எக்ஸ்லிப்’ என்ற பெயரில் அந்த அடைவு இன்றைக்கும் இருக்கிறது. சிறு குழுவுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வரையத் தெரிந்த அளவுக்குப் பழகத் தெரியாத ஒரு மென்பொருளை அது உருவாக்கிவிட்டது.

இயங்குதளம் என்பது வரையும் பலகையாக மட்டும் இருப்பதில்லை. அதற்கு நடைமுறைகள் உண்டு. மேக்கில் மெனு விண்டோவுக்குள் இருக்காது, திரையின் உச்சியில் இருக்கும். எல்லா விண்டோவையும் மூடினாலும் நிரல் உயிரோடு இருக்கும். டிகேயில் முதன்மை விண்டோவை மூடினால் நிரலே முடிந்துபோகும். யூனிக்ஸ்காரர்களுக்கு அதில் தவறே தெரியாது. விண்டோஸிலும் யூனிக்ஸிலும் ஒரு கோப்பை இரண்டு முறை தட்டினால், அதன் பெயர் நிரலுக்குத் தொடக்கத்திலேயே கட்டளைவரி வழியாக வந்து சேரும். மேக் அப்படிச் செய்யாது. நிரலை முதலில் எழுப்பிவிட்டு, பிறகு “இந்தக் கோப்பைத் திற” என்று ஒரு நிகழ்வுச் செய்தி அனுப்பும். இதைப் பற்றித் தெரியாத ஸ்கிரிப்ட் காலியான விண்டோவைக் காட்டிக்கொண்டு நிற்கும். பயனர் தட்டியது கடிதத்தை, கிடைத்ததோ வெற்றுத்தாள்.

1997 ஆகஸ்டில் வந்த டிகே 8.0 இந்தப் பழக்கவழக்கங்களைப் படிக்கத் தொடங்கிய முதல் பதிப்பு. விண்டோஸிலும் மேக்கிலும் பட்டன், ஸ்க்ரோல்பார், மெனு ஆகியவற்றை அந்தந்த இயங்குதளத்திடமே கேட்டு வாங்கியது. மெனுவுக்குச் செய்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. நிரலாளர் தன் மெனுக்களில் ஒன்றுக்கு ‘ஆப்பிள்’ என்று பெயர் வைத்தால், மேக்கில் அது ஆப்பிள் மெனுவுக்குள் போய் உட்காரும். ‘சிஸ்டம்’ என்று பெயர் வைத்தால் விண்டோஸில் விண்டோவின் மூலையிலுள்ள மெனுவோடு சேரும். வேறு இயங்குதளத்தில் அந்தப் பெயர்களுக்குத் தனி அர்த்தம் கிடையாது. ஒரே ஸ்கிரிப்ட் மூன்று இடத்திலும் ஓடும். நகலெடுக்க விண்டோஸில் கண்ட்ரோல்-சி, மேக்கில் கமாண்ட்-சி என்ற சிக்கலுக்கும் இதே பாணியில் மருந்து உண்டு: ‘நகல்’ என்ற பெயரில் ஒரு கற்பனை நிகழ்வு, எந்த விசை அதை எழுப்பும் என்பது டிகேயின் பொறுப்பு. ஆனால் வலது கிளிக் விஷயத்தில் இந்தக் கவனம் தவறியது. மற்ற இரண்டிலும் வலது பட்டன் மூன்றாம் எண். மேக்கில் மட்டும் இரண்டாம் எண்ணாக இருந்தது. டிகே ஸ்கிரிப்டுகளில் “இது மேக்தானா?” என்று கேட்கும் வரி அதிகம் தென்பட்டதற்கு இந்த எண் குழப்பமும் ஒரு காரணம்.

நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழியும் பிரிந்தது. செண்ட் கட்டளை எக்ஸ் விண்டோவோடு கட்டுண்டது. விண்டோஸில் அதன் இடத்தை மைக்ரோசாஃப்டின் பழைய டிடிஇ முறை எடுத்துக்கொண்டது. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியைத் தொடவும் தனிக் கட்டளை சேர்ந்தது. மேக்கில் 1993 முதல் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற சொந்த ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. அதைக் கூப்பிடத் தனியொரு எக்ஸ்டென்ஷன் எழுதினார்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் படத்தை இழுத்துப் போடுவதுபோல் கோப்புகளை இழுத்துவிடும் வசதிகூட டிகேயின் மையத்தில் இல்லை. ஜார்ஜியோஸ் பெட்டாசிஸ் எழுதிய டிகேடிஎன்டி என்ற எக்ஸ்டென்ஷனைத்தான் நம்ப வேண்டும்.

இதற்குள் சன் நிறுவனத்தின் கவனம் முழுவதும் ஜாவா பக்கம் திரும்பியிருந்தது. 1998இல் ஆஸ்டர்ஹவுட் வெளியேறி ஸ்கிரிப்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது அஜூபா சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறி, 2000இல் இன்டர்வோவன் நிறுவனத்துக்குக் கைமாறியது. மொழியைப் பராமரிக்கும் பொறுப்பு அதே ஆண்டில் அமைந்த தன்னார்வலர் குழுவுக்குப் போனது. இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இயங்குதளங்களைப் புதுப்பிப்பது இரண்டு பெரிய நிறுவனங்கள். அவற்றின் பின்னால் ஓடுவது மாலை நேரத்தில் வேலை செய்யும் சிலர்.

வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டும்போது குடியிருப்பவரைக் கேட்டா கட்டுகிறார்? 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி நீலமும் பச்சையுமாகப் புது வேடம் பூண்டது. பழைய பட்டன்களைக் கேட்டு வாங்கிய டிகே நிரல்கள் மட்டும் அந்தப் பளபளப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நின்றன. ‘டிகே என்றாலே அவலட்சணம்’ என்ற பெயர் ஆழமாக வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். ஓரளவு நியாயமான பழிதான் அது. ஜோ இங்கிலிஷ் என்ற நிரலாளர் டைல் என்ற திட்டத்தில் உறுப்புகளைப் புதிதாக வகுத்தார். ஒரு பட்டன் என்ன செய்யும் என்பது ஒரு பக்கம், அது எப்படித் தெரியும் என்பது மறுபக்கம் என்று பிரித்து, தோற்றத்தைத் தீம்களிடம் ஒப்படைத்தார். எக்ஸ்பியின் தீம் நூலகத்திடமே “பட்டனை நீயே வரைந்து கொடு” என்று கேட்கும் தீம் ஒன்று. மேக்கின் அக்வா பாணிக்கு ஒன்று. லினக்ஸுக்கு டிகேயே வரையும் சில. 2007 டிசம்பரில் வெளியான டிகே 8.5இல் அது அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. எக்ஸ்பி வந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. அடுத்த விண்டோஸான விஸ்டாவே வந்துவிட்டிருந்தது.

மேக்கில் இடிபாடு இன்னும் பெரிது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் அடிப்படையிலேயே புது இயங்குதளம். பழைய நிரல்கள் மாறிவர ஆப்பிள் கார்பன் என்ற பாலத்தை அமைத்தது; ஜிம் இங்காம், டேனியல் ஸ்டெஃபன் முதலியோர் டிகேயை அதன் மேல் ஏற்றினார்கள். 2007இல் கார்பனின் திரைப் பகுதிக்கு 64-பிட் ஆதரவு வராது என்று ஆப்பிள் அறிவித்தது. ஏற்றியதை இறக்கி, கோகோ என்ற இன்னொரு அடித்தளத்தில் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ஸ்டெஃபன் அதைச் செய்து முடிக்க, 2009இல் ஸ்னோ லெப்பர்டு என்ற மேக் பதிப்போடு அந்தப் புதிய டிகே ஆப்பிளின் கையாலேயே ஒவ்வொரு மேக்குக்கும் போனது.

மரியாதைதான். ஆனால் வினையும் அங்கேதான் முளைத்தது. ஆப்பிள் சேர்த்துக் கொடுத்த 8.5.9 பதிப்பில் பிழைகள் இருந்தன. ஜெர்மன், பிரெஞ்சு எழுத்துகளின் மேற்குறியைப் போடும் விசைகளை அழுத்தினால் நிரல் அப்படியே விழுந்துவிடும். டிகே குழு திருத்தினாலும் ஆப்பிளின் பிரதி ஆண்டுக்கணக்கில் பழையதாகவே கிடந்தது. பாதிப்பு பெரும்பாலும் பைத்தான் பயில்வோருக்கு. பைத்தானின் திரை நூலகமான டிகின்டர் உண்மையில் தன் வயிற்றுக்குள் டிக்கிள் ஸ்கிரிப்டை ஓட்டும் ஓர் இன்டர்பிரிட்டரை வைத்துக்கொண்டு அதற்குக் கட்டளையிடுகிறது. பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரும் அதில் எழுதியதே. இந்த டிகே நிலையற்றது என்று ஐடில் திறந்தவுடனே எச்சரிக்கை காட்டும். 2018இல் மேக் பயனர்களுக்கான பைத்தான் தொகுப்புகள் தமக்கென்று ஒரு டிகேயைக் கூடவே சுமந்து வரத் தொடங்கின. அதன் பிறகுதான் தொல்லை விட்டது.

அந்த 2018இலேயே மேக்கின் மொஹாவே பதிப்பு வந்தது. கோகோவின் விதிப்படி, நிரல் தனக்குத் தோன்றும்போதெல்லாம் வரையக்கூடாது. இயங்குதளம் கூப்பிடும்போதுதான் வரைய வேண்டும். எக்ஸ் விண்டோ காலத்திலிருந்து டிகே நினைத்த நேரத்தில் வரைந்தே பழகியது. அதுவரை ஆப்பிள் கண்டும் காணாமல் இருந்தது. மொஹாவேயில் கதவு சாத்தப்பட்டது. டிகே விண்டோக்கள் பல கறுப்பாகவும் வெறுமையாகவும் திறந்தன. மார்க் கல்லர், கெவின் வால்சர் முதலானோர் 8.6.9, 8.6.10 பதிப்புகளில் வரையும் முறையை மாற்றி எழுதினார்கள். கூடவே வந்த இருள் பயன்முறை இன்னொரு வேடிக்கை காட்டியது. பின்னணி வெள்ளை என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தவர்களின் நிரல்களில், எழுத்தை இயங்குதளம் வெள்ளையாக்கிவிட, வெள்ளைமேல் வெள்ளை.

தோற்றத்தைவிடச் சிக்கலான ஒன்று பெயர். ஒரு டிக்கிள் ஸ்கிரிப்டை மேக்கில் அப்படியே ஓடவிட்டால், மெனுவின் தலைப்பில் ‘விஷ்’ என்று வரும். அது ஸ்கிரிப்டை ஓட்டும் இன்டர்பிரிட்டரின் பெயர். பைத்தான் நிரலானால் ‘பைத்தான்’ என்று வரும். எழுதியவர் வைத்த பெயரும் சின்னமும் தெரிய வேண்டுமானால், இன்டர்பிரிட்டரையும் ஸ்கிரிப்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, விவரக் கோப்பு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். முதலில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுக்கு ‘ஆப்மெயின்’ என்று பெயரிட்டு அதற்குரிய அடைவில் வைத்தால், மேக் அதை முழுமையான செயலியாக ஏற்கும். அத்தோடு முடியவில்லை. 2012க்குப் பிறகு இணையத்தில் இறக்கிய செயலியில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று மேக் பார்க்கத் தொடங்கியது; 2019இன் கேட்டலினா பதிப்பில் ஆப்பிளிடம் அனுப்பிச் சரிபார்ப்பு முத்திரை வாங்குவதும் வழக்கமாயிற்று. கையெழுத்திட்ட பொட்டலத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்ததாகக் கணக்கு. பயனரே திறந்து திருத்திக்கொள்ளலாம் என்பதுதானே ஸ்கிரிப்டின் முதல் நன்மை? பாதுகாப்புக்கு இந்த விதி அவசியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஹைப்பர்கார்டின் பட்டனைத் திறந்து இரண்டு வரி மாற்றிய அந்தப் பள்ளி ஆசிரியருக்கு இங்கே இடமில்லை. சொல்லப்போனால் ஹைப்பர்கார்டுக்கே இடமில்லாமல் போயிற்று. புதிய மேக் இயங்குதளத்துக்கு அது மாற்றி எழுதப்படவே இல்லை, 2004இல் விற்பனையும் நின்றது.

டிகேயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜாவாவின் முதல் திரை நூலகம் இயங்குதளத்தின் உறுப்புகளையே இரவல் வாங்கியது, அடுத்து வந்த ஸ்விங் எல்லாவற்றையும் தானே வரைந்தது; இரண்டுக்கும் வசவு விழுந்தது. இன்றைய எலக்ட்ரான் செயலிகள் ஒரு முழு உலாவியையே சுமந்து வந்து ஒவ்வொரு பட்டனையும் தாமே வரைகின்றன. மக்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இணையப் பக்கங்களின் பட்டன் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதைப் பார்த்துக் கண்கள் பழகிவிட்டன போலும்.

2024 செப்டம்பரில் டிக்கிள், டிகே 9.0 வந்தது. இயங்குதளத்தின் மூலையில் சின்னம் வைப்பது, அறிவிப்புக் காட்டுவது, அச்சிடுவது ஆகிய மூன்றுக்கும் அதில்தான் பொதுக் கட்டளைகள் கிடைத்தன. அறிவிப்பு என்ற ஒரே கட்டளைக்குப் பின்னால் எத்தனை பாதைகள்! லினக்ஸில் அறிவிப்பு நூலகம் இருந்தால் அதன் வழியாகப் போகும். இல்லையென்றால் டிகே தானே ஒரு சிறு விண்டோவைக் காட்டும். மேக்கில் இரண்டு வழிகள் உள்ளே இருக்கின்றன. புதிய வழி கையெழுத்திட்ட செயலிகளுக்கு மட்டும். ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கோ தலைப்பும் செய்தியும் கொண்ட ஒரே வரி.

மீதமுள்ள வேலையும் சிறியதல்ல. டிகே தானே வரைகிற உரைப்பெட்டிகளை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளால் நெடுங்காலம் படிக்க முடியவில்லை. இயங்குதளம் தந்த உறுப்பென்றால் அது தன்னைப் பற்றித் தானே சொல்லியிருக்கும். தமிழருக்கு நேரடியாகப் பட்ட அடி எழுத்தில். மேக்கில் எழுத்தைக் கோக்கும் வேலையை இயங்குதளத்தின் நூலகம் பார்த்துக்கொள்வதால் டிகேயில் தமிழ் ஒழுங்காக வரும். லினக்ஸில் டிகே நம்பியிருந்த நூலகத்துக்கு எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத்தான் தெரியும். இந்திய எழுத்துகளில் குறிகள் இடம் மாறுவது தெரியாது. அதனால் ‘கெ’ என்று அடித்தால் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அதன் பின்னாலும் நிற்கும். பைத்தான் கற்கும் தமிழ் மாணவர் லினக்ஸில் ஐடிலைத் திறந்து தன் பெயரைத் தமிழில் அச்சிட்டுப் பார்க்கும்போது கொம்பு இடம் மாறி நின்றால், தட்டச்சு சரியாகவே இருந்திருக்கும். கோப்பிலும் எழுத்துகள் சரியான வரிசையில்தான் சேமிப்பாகியிருக்கும். அதே கோப்பை உலாவியிலோ எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த வேறொரு செயலியிலோ திறந்தால் பெயர் ஒழுங்காகத் தெரியும்.